பிரிய வேண்டிய இரண்டு கோடுகள்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கருவியை ரிப்பேர் செய்து கெடுத்த பெருமை எனக்கு உண்டு. அதற்குப் பாராட்டு கிடைக்கும் என்று அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வருட மழைக்காலம். ஹைதராபாத் நாச்சாரத்தில், கான்டாக்ட் லென்ஸுக்கு மேல்பூச்சு தயாரிக்கும் சின்ன கம்பெனி. கருவிகளுக்கு சர்வீஸ் செய்வது என் பிழைப்பு. இருபத்தைந்து வருட அனுபவம், அதே அளவு தலைக்கனம்.

லென்ஸுக்குப் பதிலாக, சோதனைக்கென்று தங்கம் பூசிய சின்ன வில்லையில் பூச்சு எவ்வளவு ஒட்டுகிறது என்று அங்கே இரண்டு சென்சார்கள் சேர்ந்து அளக்கும். ஒன்று ஒளியை அடித்துப் பார்க்கும். மற்றது, காதுக்குக் கேட்காத வேகத்தில் வில்லையை அதிரவிட்டு, அதிர்வு எவ்வளவு குறைகிறது என்று பார்க்கும். அன்று ஒளி ஒரு பங்கு என்றால் அதிர்வு மூன்று பங்கு என்றது. கோளாறு என்று நானே முடிவு செய்து, யாரையும் கேட்காமல் சாஃப்ட்வேரில் ஒரு எண்ணைத் தட்டி, இரண்டையும் ஒன்றாக்கினேன்.

மதியம் டீ குடிக்கும்போது அங்கிருந்த கெமிஸ்ட் அம்மா முகம் வாடி வந்தார். மௌலா அலி ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழ்க்காரர். அவர் வாயில் ‘வேண்டாம்’ எப்போதும் ‘நக்கோ’தான்.

“போச்சு சார், ஏழு மாச வேலை. கண்ணு காயாம இருக்க பூச்சு தண்ணியைப் பிடிச்சு வெக்கணும். கடைசி டெஸ்ட்ல என் பூச்சு தண்ணியே பிடிக்கல. நாலு மணி மீட்டிங்ல இந்த ஃபார்முலா நக்கோன்னு பாஸ் தூக்கிப் போட்டுடுவாரு.”

“மிஷின் பக்கா மேடம்” என்று ஆறுதல் சொன்னேன். “ரெண்டும் ஒரே நம்பர் காட்டற மாதிரி காலைல நானே செட் பண்ணிட்டேன்.”

டீ கிளாஸ் டக்கென்று மேஜையில் உட்கார்ந்தது.

“அய்யோ சார்! லைட்டு பூச்சை மட்டும்தான் பார்க்கும். அதிர்வு, பூச்சு பிடிச்சு வெச்ச தண்ணியையும் சேர்த்து எடை போடும். அந்த வித்தியாசம்தான் என் தண்ணி! அதையா அழிச்சீங்க?”

மூன்று மணிக்கு என் எண்ணைத் தூக்கிவிட்டு, புது வில்லை போட்டோம். திரையில் ஒளிக் கோடும் அதிர்வுக் கோடும் ஒட்டிக்கொண்டே போயின. பூச்சுத் திரவம் வில்லையைத் தொட்டதும் அதிர்வுக் கோடு மெல்ல விலகியது. அப்புறம் சரசரவென்று தனியே ஓடியது.

“பிரியுது மேடம், பிரியுது!” என்று கத்தினேன். வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். எங்கள் வீட்டில் சொத்து பிரித்தபோதுகூட யாரும் இப்படிக் குதித்ததில்லை. லேப்டாப்போடு மீட்டிங்குக்கு ஓடிய கெமிஸ்ட் அம்மா, ஃபார்முலாவைக் காப்பாற்றிக்கொண்டு திரும்பினார்.

இன்றும் இரண்டு கருவிகள் இரண்டு விதமாகச் சொன்னால், கையை பாக்கெட்டில் விட்டுக்கொண்டு முதலில் கேட்கிறேன். அன்று கிளம்பும்போது அந்த அம்மா சொன்னதுதான் காரணம்:

“ரிப்பேரான மிஷினை என்ன பண்ணணும்னு உங்களுக்கு நல்லாத் தெரியும் சார். நல்லா இருக்கிற மிஷினை என்ன பண்ணணும்னுதான் தெரியல.”