நாற்பத்தாறாம் பக்கம்

கோலா சிலாங்கூரில் நகல் கடை வைத்திருக்கும் துளசி, பிறப்புப் பத்திரம் நகலெடுக்க வருகிறவர்களைக்கூட நிறுத்திவைத்துப் பாடம் எடுப்பாள். "எழுதுனவரு செத்து அம்பது வருஷம் ஆயிருச்சின்னா அந்தப் புத்தகம் எல்லாருக்கும் சொந்தம் லா! அம்பதே அநியாயம். இருபதா கொறைக்கணும்." இதையே டிக்டாக்கில் கத்திக் கத்தி ஒன்பதாயிரம் பேரைச் சேர்த்துவிட்டாள்.

அத்தனை கத்தலும் ஒரே ஒரு புத்தகத்துக்காக. வடக்கே, இப்போது வீடமைப்பு நிறுவனம் ஒன்று மண்ணைக் கொட்டி நிரவியிருக்கும் ரப்பர்த் தோட்டத்தில் ஒரு காலத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த சிவானந்தம் எழுதிய தோட்ட வரலாறு. அதன் நாற்பத்தாறாம் பக்கத்தில் பதினொரு பெயர்கள் இருக்கின்றன. 1961இல் பிரேக் பிடிக்காத தோட்டத்து லோரி வாய்க்காலில் கவிழ்ந்து செத்தவர்கள். பிரேக் கெட்டது தோட்டத்தை நடத்திய துரைக்கு முன்பே தெரியும் என்றும், பதினொரு பேரையும் ரப்பர் உலர்த்தும் புகைக்கூடத்துக்குப் பின்னால் புதைத்தார்கள் என்றும் கிராணி எழுதிவைத்திருந்தார். மூன்றாவது பெயர் நாராயணசாமி, துளசியின் பெரியப்பா. அப்படியொரு மனிதர் இருந்தார் என்பதற்கு அவளுக்கு வேறு சாட்சி கிடையாது.

பழைய தோட்டப் பள்ளியில் கிடந்த கிழிந்த பிரதி ஒன்றுதான் அவள் கையில் இருந்தது. அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுக்க ஆசை. கிராணியின் மகள் வாகீஸ்வரி டீச்சரிடம் அனுமதி கேட்டுப் போனாள். "அது ஒருத்தருக்கும் குடுக்கிறதுக்கில்லை" என்று டீச்சர் கதவைச் சாத்திவிட்டார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா? "செத்தவங்க பேர பீரோல வச்சிப் பூட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க ஒரு டீச்சரம்மா" என்று வீடியோ போட்டாள். ஊரே சிரித்தது. கிராணி இறந்தது 1974இல். ஐம்பதாவது ஆண்டு முடியும்வரை நாளெண்ணிக் காத்திருந்து, 2025 பிறந்த அன்று காலையிலேயே புத்தகம் முழுவதையும் முகநூலில் ஏற்றினாள். "எடுங்க, அச்சடிங்க. யாரையும் கேக்க வேணாம்!"

எடுத்தார்கள். யார்? அந்த வீடமைப்பு நிறுவனம்தான். வீடு பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் பளபளப்பான தாளில் இனாமாக அதே புத்தகம், ஐயாயிரம் பிரதி. துளசி வாங்கி அவசரமாகப் புரட்டினாள். நாற்பத்தைந்தாம் பக்கத்தை அடுத்து தீபாவளிக் கயிறிழுப்புப் படம் ஒன்று. பதினொரு பேரையும் காணோம். பிணம் புதைத்த மண் என்று தெரிந்தால் எவன் வீடு வாங்குவான்? அடப்பாவிகளா!

வயிறெரிந்து முகநூலில் திட்டித் தீர்த்தாள். நிறுவனத்து ஆள் ஒருவன் அவளுடைய பழைய பதிவையே கீழே ஒட்டினான். யாரையும் கேக்க வேணாம்! அவளைத் தூக்கி வைத்து ஆடிய கூட்டமே இப்போது அவளைப் பார்த்துச் சிரித்தது. முழுப் புத்தகமும் அவள் பக்கத்தில் இன்றும் கிடக்கிறது. அதைத் திறந்து பார்த்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர்.

கடைசியில் பளபளப்புப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்கே போனாள். டீச்சர் ஒவ்வொரு தாளாகப் பார்த்தார்.

"ஆறு வருஷத்துக்கு முன்னம் இந்தக் கொம்பனிக்காரர் என்னட்டயும் வந்தவை" என்றார். "நாப்பத்தாறாம் பக்கத்தை எடுத்துப்போட்டு மிச்சத்தை அச்சடிக்கக் கேட்டவை. முடியாதெண்டு திருப்பி அனுப்பினனான். அச்சுக்கு விட்டா ஆரின்ர கையில போய்ச் சேருமோ எண்டுதான் உனக்கும் குடுக்கேல்லை."

"அப்பவே ஏன் டீச்சர் எங்கிட்ட சொல்லல?"

"நீ எங்க காரணம் கேட்டனீ? வீடியோதானே போட்டனீ."

டீச்சர் புத்தகத்தை மூடி அட்டையைத் தடவினார். "அப்பான்ர பேரை மட்டும் நல்லாப் பெரிசாப் போட்டிருக்கினம்" என்றார். பிறகு புத்தகத்தை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.