பெல்லோவில் பட்ட எண்ணெய்

காலையில் போய்ப் பார்த்தால் பஸ் இடது பக்கம் உட்கார்ந்திருக்கும். முதல் நாள் மாலை நிமிர்த்தி நிறுத்திவிட்டுப் போன வண்டி, மறுநாள் காலையில் ஒரு காலை மடக்கிய மாடு மாதிரிப் பின்புறம் சரிந்து கிடக்கும். இன்ஜினைப் போட்டுக் காற்று ஏறவிட்டால் மெல்ல எழுந்துகொள்ளும். ஏறுகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்.

பஸ் என் மச்சானுடையது. மனைவியின் அண்ணன். ஓட்டியது நான். கல்யாணம், காதுகுத்து என்றால் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி கோயிலுக்கு ஆள் ஏற்றிப் போவோம். வீரசோழன் ஊரில் யாராவது வெளிநாடு கிளம்பினால் வழியனுப்ப ஒரு தெருவே மதுரை விமான நிலையத்துக்கு வரும், அதற்கும் எங்கள் வண்டியைத்தான் பேசுவார்கள். அதற்கு முன்பு மச்சான் வைத்திருந்தது லோடு லாரி. லாரிக்கு அடியில் பட்டை இருக்கும், அடுக்கடுக்காக இரும்புத் தகடு வைத்துக் கட்டிய வில். இந்த பஸ்ஸுக்குப் பின்னால் பட்டை கிடையாது. பெல்லோ என்று சொல்கிற ரப்பர் பைகள், உள்ளே காற்று. மொத்த வண்டியும் அந்தக் காற்றின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. மச்சானுக்கு அதில் முழு நம்பிக்கை வந்ததே இல்லை. காற்றை நம்பி எவனாவது பாரம் ஏற்றுவானா என்பார்.

வண்டி சாய்வது அவர் காதுக்குப் போனபோது நாங்கள் பைபாஸ் பக்கம் இருக்கிற பட்டை மெக்கானிக் ஷெட்டில் இருந்தோம். லாரிக்காரர்கள் நாலைந்து பேர் டீக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மாப்ள, நீங்க ரோட்டுல ஓட்டுறீகளா, ரோட்டுக்குப் பக்கத்துல ஓட்டுறீகளா?" என்றார் மச்சான்.

எல்லோரும் சிரித்தார்கள். மெக்கானிக்கும் சேர்ந்துகொண்டார். "அண்ணே, வண்டிக்கு ஒரு பக்கம் வாதம் இழுத்துருச்சு போல. தைலம் கியிலம் தேய்ச்சு விடுவமா?"

"வண்டிக்கு எதுக்குய்யா? ஓட்டுற கைக்குத் தேயி. திருச்சுழி ரோட்டுல இருக்குற பள்ளத்த ஒண்ணு விடாம விசாரிச்சுட்டு வாராரு எங்க மாப்ள. எதுத்தாப்புல வண்டி வந்தாப் போதும், இடது பக்கம் கருவேலங்காட்டுக்குள்ள எறக்கிருவாரு."

பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "இன்னொரு தடவ இப்பிடி உக்காந்துச்சுன்னா நான் வேற டிரைவரப் பாத்துக்கிருவேன் மாப்ள, தப்பா நெனைக்காதீக" என்றார்.

எங்கள் வீடுகளில் தெலுங்குதான் பேச்சு. நெசவுக்காரக் குடும்பங்கள். அவர் அதைத் தெலுங்கில் சொல்லியிருந்தால் எங்கள் இரண்டு பேரோடு போயிருக்கும். ஷெட்டில் வேறு யாருக்கும் தெலுங்கு தெரியாது. அவர் தமிழில் சொன்னார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னார். எனக்குக் கூட்டத்தில் வாய் வராது. டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வண்டி சாய்வது நான் பள்ளத்தில் இறக்கியதால் இல்லை என்று காட்டவேண்டும். வேறு வழி இருக்கவில்லை. அந்த வண்டியை விட்டால் எனக்கு வேறு வண்டி இல்லை என்பதல்ல, மோசமாக ஓட்டினான் என்று பேர் வாங்கிக்கொண்டு இறங்க நான் தயாராக இல்லை.

ஓட்டம் இல்லாத நாளில் உட்கார்ந்தேன். பஸ்ஸை நிறுத்துவது ஒரு விசைத்தறிக் கூடத்துக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில். காற்று எங்கே போகிறது என்று காதை வைத்துக் கேட்க முடியாது, தறிச் சத்தத்தில் நம் பேச்சே நமக்குக் கேட்காது. அதனால் சோப்புத் தண்ணீர். சலவைத் தூளை வாளியில் நுரைக்கக் கலக்கி, சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற பிரஷால் தொட்டுத் தொட்டுப் பூசினேன். காற்றழுத்தம் காட்டுகிற முள் மேலே போகும்வரை காற்று ஏற்றி, இன்ஜினை நிறுத்தி, காற்று டேங்கிலிருந்து வருகிற குழாய்கள் சேருகிற பூட்டு ஒவ்வொன்றிலும் பூசினேன். வண்டியின் உயரத்தைப் பார்த்துக் காற்றை விடுகிற வால்வு ஒன்று உண்டு. அதன் வாயில் மாட்டிய குழாயில் குமிழ் வந்தது. குழாய் நுனியை நேராக வெட்டி மறுபடி மாட்டினேன். குமிழ் நின்றது. தீர்ந்தது என்று வீட்டுக்குப் போய்ச் சந்தோஷமாகச் சாப்பிட்டேன்.

காலையில் பஸ் உட்கார்ந்திருந்தது.

மறுபடி வால்வு, மறுபடி பூட்டு, பெல்லோவைச் சுற்றி மேலும் கீழும். எங்கும் ஒரு பொட்டுக் குமிழ் இல்லை. உச்சி வெயிலில் முதுகு பற்றி எரிந்தது. ஒருவேளை மச்சான் சொல்வதுதான் சரியோ, நான்தான் எங்கேயோ இடித்துவிட்டேனோ என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. அப்போது கரண்டு போனது. தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அந்த அமைதியில், பாதி இறங்கியிருந்த வண்டிக்கு அடியிலிருந்து, குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி 'ஸ்' என்று ஒரு சத்தம்.

பிறகுதான் புரிந்தது. வண்டி முழு உயரத்தில் நிற்கும்போது ரப்பர் விறைப்பாக இழுத்துப் பிடித்திருக்கும், குமிழ்கூடக் காட்டாத அளவுக்குத்தான் கசியும். கொஞ்சம் இறங்கினால்தான் கீழ்மடிப்பு உருண்டு வெளியே வரும். ஓட்டை அந்த மடிப்புக்குள் இருந்தது. நான் எப்போதும் நிமிர்ந்து நிற்கிற வண்டியையே சோதித்துக்கொண்டிருந்தேன். சேஸிஸுக்குக் கீழே மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். கட்டை வைக்காமல் போனால் காற்று இறங்கும்போது வண்டி நம் மேல்தான் உட்காரும். மடிப்பில் சோப்பைத் தொட்டதும் பொடிப் பொடியாக முட்டை விட்டது. விரலால் அழுத்தினேன். ரப்பர் ரப்பராக இல்லை. உப்பி, பிசுபிசுத்து, வெல்லப்பாகு மாதிரி கையோடு ஒட்டி வந்தது. முகர்ந்தால் டீசல் வாடை.

ஒவ்வொரு முறை வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் மச்சான் பக்கத்திலேயே நின்று, கழிவு ஆயிலில் டீசலைக் கலந்து அடிப்பக்கம் முழுக்க ஸ்பிரே அடிக்கச் சொல்வார். லாரிப் பட்டைக்கு அப்படித்தான் செய்வார்கள். துருப் பிடிக்காது, கிரீச்சிடாது. ஆயுதபூஜை சமயத்தில் என்றால் இரண்டு தடவை. "எண்ணெ காட்டாத இரும்பு எசமானுக்கு ஆகாது" என்று அவருக்கு ஒரு சொலவடையே உண்டு. இரும்புக்கு அது மருந்து. ரப்பரை அது தின்றுவிடும். பட்டை இருந்த இடத்தில் பெல்லோ இருக்கிறது என்பதை அவர் கை மறந்துபோயிருந்தது.

நேராக ஷெட்டுக்குப் போனேன். மச்சான் இருந்தார், மெக்கானிக் இருந்தார், அன்றைக்கும் லாரிக்காரர்கள் இருந்தார்கள். நான் அவர் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில், தெலுங்கில் சொன்னேன். இடது பெல்லோ மடிப்பில் கசிகிறது, எண்ணெய் பட்டு ஊறியிருக்கிறது, இனி அங்கே ஸ்பிரே படக்கூடாது, வலது பக்கமும் அதே கதிக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது என்று. அவர் செய்த தப்பை அவர் ஆட்களுக்கு முன்னால் தமிழில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மனைவியின் அண்ணன். மரியாதை என்று நினைத்தேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே சொல்றாரு?" என்றார் மெக்கானிக்.

"முதுகு வலிக்குதாம். கொஞ்ச நாளைக்கு லீவு வேணுமாம்" என்றார் மச்சான் தமிழில்.

"பள்ளத்துல எறக்குனா முதுகு வலிக்காம என்ன செய்யும்" என்று ஒருவர் சொல்ல, மறுபடி சிரிப்பு.

மச்சான் சிரிக்கவில்லை. மெக்கானிக் பக்கம் திரும்பி, "ஏலே, அந்த இடது பெல்லோவக் கழட்டிப் பாரு. எண்ணெ கிண்ணெ பட்டு மடிப்புல ஊறியிருக்கும்னு எனக்கு என்னமோ தோணுது. வலதையும் சேத்துப் பாத்துரு" என்றார்.

நான் சொன்ன வரிசையிலேயே சொன்னார். ஸ்பிரேயை மட்டும் விட்டுவிட்டார். நான் நின்றுகொண்டிருந்தேன். தமிழ் எனக்கும் தெரியும். அது அப்போது எங்கே போனது என்று தெரியவில்லை.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "அண்ணன் செஞ்சது தப்புதேன். ஆனா நீங்களும் கூட்டத்துல வச்சுச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள்.

"கூட்டத்துக்குப் புரியாத பேச்சுலதான சொன்னேன்?"

"அண்ணனுக்குப் புரிஞ்சுச்சில்ல."

நான் கையில் ஒட்டியிருந்த பிசுபிசுப்பை மறுபடி சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன்.

மதுரையிலிருந்து புது பெல்லோக்கள் வாங்கி வந்து மாட்டினார்கள். கழற்றிய பழையதை மெக்கானிக் எல்லோருக்கும் காட்டி, "அண்ணன் பாக்காமலே சொல்லிட்டாருய்யா" என்றாராம். வண்டிக்கு வேறு டிரைவர் வந்தார். முதுகு சரியாகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று மச்சான் தங்கையிடம் சொல்லி அனுப்பினார். என் முதுகுக்கு ஒன்றுமில்லை. அவர் அப்புறம் பார்க்கவும் இல்லை. இப்போது நான் நூல் மில்லுக்கு ஆள் ஏற்றுகிற வேன் ஓட்டுகிறேன். அதற்குப் பட்டைதான்.

போன முகூர்த்தத்தில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். எல்லோரும் அந்த பஸ்ஸில் போனோம். நான் போகாவிட்டால் பேச்சாகும் என்று மனைவி சொன்னதால் ஏறினேன். பின் சக்கரத்துக்கு மேலே இருக்கிற சீட்தான் கிடைத்தது. கிளம்பும் முன் மச்சான் கீழே நின்று புது டிரைவரிடம் தமிழில் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்: "சர்வீஸ்ல நீயும் கூடவே நில்லு. பெல்லோ பக்கம் எண்ணெ ஒரு சொட்டு படக்கூடாது. முன்னால இருந்தவுக கவனிக்காம விட்டு, நான்தான் கண்டுபிடிச்சேன்."

பஸ் சாயவில்லை. நானே எதிர்பார்த்ததைவிட நன்றாக நின்றது. ஒரு தடவை சாய்ந்திருந்தால்கூடக் கசிவைத் தேட என்னைத்தான் கூப்பிட்டிருப்பார்கள்.

திருச்சுழி ரோட்டில் பள்ளம் ஏறி இறங்கியபோது மனைவி என் பக்கம் திரும்பினாள். என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னாள், அது எனக்குத் தெரியும்.

"பாத்தீகளா, ஒரு ஆட்டம் இல்ல."

"இல்ல" என்றேன்.