பூங்குழலியின் மாதிரிப் பதில்

ஆம்பூருக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் இருக்கும் அந்தக் கல்லூரியில் வேலைவாய்ப்பு மையம் என்றால் பூங்குழலிதான். ஓர் அறை, ஒரு மின்விசிறி, சுவர் முழுக்க வேலை கிடைத்தவர்களின் புகைப்படங்கள். பட்டம் வாங்கிய பிள்ளைகள் பிரியாணிக் கடையில் தட்டு எடுப்பதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவள் அவள். ஷூ கம்பெனி வாசல்களில் நாயாய் அலைந்து, வாட்ச்மேனிடமெல்லாம் பேச்சு வாங்கி, கடைசியில் ஒரு பெரிய கம்பெனியைக் கல்லூரியோடு ஒப்பந்தம் போட வைத்தாள். வருடா வருடம் அவர்களே வந்து நேர்காணல் நடத்துவார்கள்.

பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும், வாய்தான் திறக்காது. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் பேரைச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்ப்பார்கள். அவர்களுக்கு ஒரு மாதிரிப் பதில் வேண்டியிருந்தது. ஊரார் கதைக்கு எங்கே போவது? தன் கதையையே சொல்லிக் காட்டினாள். தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியதையும், விஷவாயு தாக்கி மேலே வராமல் போனதையும், அதற்கப்புறம் தான் படித்து ஆளானதையும் சொன்னாள். “இது மாதிரி உங்க கதைய நீங்க சொல்லணும்” என்றாள். நம் பிள்ளைகளிடம் மாதிரி என்று ஒன்றைக் கொடுத்தால் என்ன செய்வார்கள்? ஒரு சொல் விடாமல் மனப்பாடம் செய்தார்கள்.

உசாமா என்ற பையன்தான் அதை நேர்காணலில் முதலில் ஒப்பித்தான். அவன் அப்பா முனீர் அகமது அப்போது குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருந்தார். கம்பெனி அதிகாரி சுஹேல் அகமது கண் கலங்கி அங்கேயே வேலை கொடுத்துவிட்டார். பூங்குழலி பையனைத் திட்டினாள். வேலையை விட்டுவிடு என்று மட்டும் சொல்லவில்லை. அந்த மழைக்காலத்தில் முனீர் அகமது தோல் தொழிற்சாலையின் கழிவுத் தொட்டி ஒன்றுக்குள் இறங்கினார். மேலே வரவில்லை. அடுத்த வருடம் புஷ்ரா அதே கதையைச் சொன்னாள். அவளுக்கும் வேலை கிடைத்தது. அவள் அப்பாவும் அதே விதமாகப் போய்ச் சேர்ந்தார்.

தற்செயல் என்று பூங்குழலி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கேன்டீனில் பேச்சு வேறாக இருந்தது. “மேடம் கதைய சொன்னா வேலை வரும், வூட்ல ஆள் போகும்.” அது காதில் விழுந்த அன்றோடு சொல்லிக்கொடுப்பதை நிறுத்தினாள். இனி அந்தக் கதையை எடுக்க மாட்டோம் என்று ஒவ்வொருவரிடமும் சத்தியம் வாங்கினாள். நிஷாவிடமும்தான்.

நிஷா கெட்டிக்காரி, ஆனால் போன இடமெல்லாம் ஊமையாக நின்று திரும்பியவள். இந்த நேர்காணலும் போனால் அப்பா டேனியலோடு அவளும் தோல் ஷெட்டுக்குப் போக வேண்டியதுதான். அவர் கை முழுக்க ரசாயனம் தின்ற புண்.

நேர்காணல் அன்று சுஹேல் அகமதுவுக்குப் பக்கத்து நாற்காலியில் பூங்குழலி உட்கார்ந்திருந்தாள். நிஷா வந்தாள். கேள்வியைக் கேட்டார்கள். அவளும் தரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, திக்காமல் திணறாமல் பேச ஆரம்பித்தாள். எங்கப்பா தொட்டியில இறங்கினார் என்றாள். அது நிஷாவின் குரலே இல்லை. இருபது வயதில் பூங்குழலி பேசிய குரல் எதிரே உட்கார்ந்து பேசியது.

“எறங்கறதுக்கு முன்னாடி வாட்ச்ச கழட்டி என் கையில குடுத்தாரு. நனைஞ்சிடும், வெச்சிக்க, வந்து வாங்கிக்கிறேன்னாரு.”

அந்த வாட்ச் விஷயத்தைப் பூங்குழலி எந்தப் பிள்ளையிடமும் சொன்னதில்லை. கட்டின புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. நிஷாவின் மூடிய கைக்குள்ளிருந்து ஒரு வாட்ச் பட்டை வெளியே தெரிந்தது.

“செலக்டட்” என்றார் சுஹேல் அகமது, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பூங்குழலி வெளியே ஓடினாள். மகளைக் கொண்டுவந்து விட்ட டேனியல் வெயிலில் மொபெட்டைக் கிளப்பிக்கொண்டிருந்தார். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

“உங்க வாட்ச் எங்க?”

“பாப்பாகிட்ட குடுத்துட்டேன் மேடம். இன்னிக்குத் தொட்டி வேலை. நனைஞ்சிடும்னுதான்.”

“போகாதீங்க! உள்ள அவ அந்தக் கதைய சொல்லிட்டா!” சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

டேனியல் கோபப்படவில்லை. “தெரியும் மேடம். மாட்டேன்னு ராவெல்லாம் அழுதுச்சு. நான்தான் சொல்லச் சொன்னேன்.” கல்லூரிக் கட்டடத்தை ஒருமுறை பார்த்தார். “வேலை கெடச்சிச்சா?”

பூங்குழலியால் பொய் சொல்ல முடியவில்லை. ஆமென்று தலையை ஆட்டினாள்.

“அப்ப சரி” என்றார். வண்டியை அவளிடமே விட்டுவிட்டு, தொழிற்சாலைப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.