போசியில் வெட்டிய பெயர்

என் கணவரின் முதல் மனைவிக்கு வருஷம் தவறாமல் சேலை எடுக்கிறவள் நான்தான். அவள் செத்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. ஆடிப் பதினெட்டு அன்று எங்கள் வீட்டில் மூத்தவளுக்குப் படையல் உண்டு. இரண்டு சேலை வைப்போம். ஒன்று அந்தக் காலத்து மூத்தவளுக்கு, என் கணவருடைய தாத்தாவின் தாத்தாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்கு. இன்னொன்று இவளுக்கு. கடையில் நின்று இவளுக்கு எந்த நிறம் எடுக்கும் என்று யோசிக்க வேண்டிய தலையெழுத்து எனக்கு. ஒரு வருஷம் பார்த்துப் பார்த்து, சாயம் போகிற சேலையாக எடுத்து வந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நான் உடும்பஞ்சோலைக்காரி. அப்பா ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்த்தார். பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ் பேசுகிற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்தது. அங்கே நாலு வயது மகளோடு தனியாக இருந்த ஒரு விவசாயிக்கு என்னைப் பேசி முடித்தார்கள். கல்யாணத்தன்று தாலியோடு காசளவு பொன் தகடு ஒன்றையும் கோத்துக் கட்டினார்கள். என்ன இது என்று கேட்டேன். கணவரின் அக்கா, அவர்களை நாங்கள் நங்கை என்று கூப்பிடுவோம், விளக்கம் சொன்னார்.

"மூத்தவ காசு அம்மிணி. ரெண்டாவதா ஒருத்தி வந்தா செத்தவளுக்குப் பொறாமையா இருக்குமல்லொ? அவளையுங் கழுத்துல போட்டுக்கிட்டா சும்மா இருப்பாளாமா. பழைய காசுங்க இது. அந்தக் காலத்துல இந்த ஊட்டுல ஒரு ரெண்டாந்தாரம் போட்டிருந்தது."

செத்தவளின் பொறாமைக்கு மருந்து கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். உயிரோடு இருக்கிறவளின் பொறாமைக்கு ஒன்றையும் காணோம்.

அவள் படம் கூடத்தில் மாலையோடு தொங்குகிறது. செத்தவள் கண்ணு செந்தாமரைக் கண்ணு என்பது சும்மா இல்லை. அவள் வைத்த ரசம் மாதிரி இல்லை, அவள் கறந்தால் பசு காலை உதறாது, அவள் நட்ட முருங்கை இன்னும் காய்க்கிறது. எனக்கும் மாடு கறக்கத் தெரியும். அதை யாரும் பேசுவதில்லை. அவள் மகளுக்கு நான்தான் தலை பின்னினேன், அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். ஊட்டி வளர்த்தேன். எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அவள் என்னைச் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவாள், படத்தைப் பார்த்து அம்மா என்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கொச்சியில் வேலை பார்க்கும் அந்த மகள், குடும்பத்தின் தலைமுறைகளை ஒரு வரைபடமாகப் போட ஆரம்பித்தாள். முதல் பிரதி என் போனுக்கு வந்தது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்த கட்டங்களில் இருந்தார்கள், நடுவிலிருந்து ஒரு கோடு இறங்கி அவளிடம் போனது. நான் அப்பாவின் கட்டத்துக்குள்ளேயே அடைப்புக்குறியில் இருந்தேன், சின்ன எழுத்தில். கண்ணாடி போட்டுப் பார்த்துத்தான் என்னைக் கண்டுபிடித்தேன்.

வரைபடத்தின் உச்சியில் அந்தக் காலத்துத் தாத்தா. பக்கத்தில் போசிப் பெயர். போசி என்றால் இந்தப் பக்கத்தில் பாத்திரம். எங்கள் வீட்டில் பித்தளையில் பழைய போசி ஒன்று இருக்கிறது. விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக ஒரு பெண்ணின் பெயர் வெட்டியிருக்கும். படையல் பொங்கலை அதில்தான் எடுத்து வைப்போம். அது மூத்தவள் கொண்டுவந்த போசி, அது அவள் பெயர் என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நங்கை அந்தப் பெயரைச் சொல்லித்தான் சேலையை ஏற்றுக்கொள்ளச் சொல்லி வேண்டுவார்.

எல்லாம் சரி, இந்தக் காசை எனக்கு முன்னால் போட்டிருந்தவள் எங்கே? வரைபடத்தில் அவளுக்கு அடைப்புக்குறிகூட இல்லை. நங்கையிடம் கேட்டேன்.

"அது ஆரு கண்டா அம்மிணி? வந்தா, கொஞ்ச நாள்ல போயிட்டாளாமா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளைக் கண்டுபிடித்தே தீருவது என்று இறங்கினேன். கருணையெல்லாம் இல்லை. என் கட்சிக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. அவள் மூத்தவளை ஜெயித்திருக்க வேண்டும், வரிசையாகப் பிள்ளை பெற்றிருக்க வேண்டும், இந்த வீடே அவள் வயிற்றிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

"செத்தவங்க சங்காத்தம் உனக்கெதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே கணவர் தகரப்பெட்டியைத் திறந்து கொடுத்தார். கறையான் ஓரம் தின்ற பாகப் பத்திரம் ஒன்று கிடைத்தது. பழைய தமிழும் மலையாளமும் கலந்து எழுதியது, எனக்குப் படிக்க வரவில்லை. ரெஜிஸ்டர் ஆபீஸ் பக்கத்தில் ரொம்பக் காலம் ஆதாரம், அதாவது பத்திரம், எழுதி ஓய்ந்த ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் மூக்கோடு காகிதத்தை ஒட்டி வைத்துக்கொண்டு வரிவரியாகச் சொன்னார்.

அந்தத் தாத்தாவின் தம்பிமார்கள் பிரிந்துபோன சமயத்தில் எழுதிய பத்திரம். தாத்தாவின் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. அவனைப் பெற்ற ஏழாம் நாள் மூத்தவள் இறந்துவிட்டாள். அவள் பெயர் பத்திரத்தில் இருந்தது. அவள் கொண்டுவந்த சாமான்களைப் பிறந்த வீட்டார் அப்போதே திருப்பி எடுத்துப் போய்விட்டார்கள். கைக்குழந்தையை வளர்க்க இளையவள் வந்தாள். பத்திரம் எழுதிய வருஷம் அவளும் சந்ததி இல்லாமல் இறந்துவிட்டாள். அவள் வீட்டார் பித்தளைச் சாமான்களைக் கேட்கவில்லை. அவள் வளர்த்த பையனுக்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

"இளையவ பேரு?" என்றேன்.

"டீச்சரே, அது எழுதலை. சந்ததி இல்லா, அவகாசம் இல்லா. பின்னே பேரு எதுக்கு?" என்றார். அவகாசம் என்றால் மலையாளத்தில் உரிமை.

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. பத்திரத்தில் இருக்கும் மூத்தவளின் பெயர் வேறு, போசியில் இருக்கும் பெயர் வேறு. மூத்தவளின் சாமான் ஒன்றுகூட இந்த வீட்டில் தங்கவில்லை. தங்கியது இளையவளுடையது. அப்படியானால் நூறு வருஷத்துக்கு மேலாக நாங்கள் பெயர் சொல்லிச் சேலை வைத்தது இளையவளுக்கு. பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன்.

சிரிப்பு வீடு வரை வரவில்லை. பதினைந்து வயதில் வந்திருந்தால் இருபத்துநாலில் போயிருக்கிறாள். அந்த ஒன்பது வருஷம் கம்பு இடித்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, யாரோ பெற்றதை இடுப்பில் சுமந்திருக்கிறாள். ஜெயிக்கவெல்லாம் இல்லை. அந்தப் பையன் அவளை என்னவென்று கூப்பிட்டிருப்பான் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அன்று சாயங்காலமே மகளுக்குப் போன் போட்டேன். "அந்தத் தாத்தாவுக்கு இன்னொரு சம்சாரம் இருந்திருக்கு தாயி. பையனை வளத்ததே அவதான். அவளையும் வரைபடத்துல சேத்திரு" என்றேன். பெயரை அப்புறம் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

"கொழந்த இருந்துச்சுங்களா சின்னம்மா?"

"இல்ல."

"அப்ப அவங்ககிட்ட இருந்து கோட்ட எங்கீங்க இழுக்கறது? அங்கயே நின்னு போயிருமல்லொ" என்றாள். கெட்ட பெண் இல்லை அவள். சமையலறையில் நின்றுகொண்டு, கூட்டல் கழித்தல் சொல்வது போலச் சாதாரணமாகத்தான் சொன்னாள். பின்னால் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. சரி தாயி என்று போனை வைத்தேன்.

ஆடிப் பதினெட்டும் வந்தது. அந்தக் காலத்துச் சேலையை இந்தத் தடவை என் சம்பளத்தில் கட்டுப்படியாகிற அளவுக்கு நல்ல பட்டாக எடுத்தேன். படத்தில் இருக்கிறவளுக்கு எப்போதும் போல ஒரு சாதாரணப் பூனம் சேலை. மகள் வந்திருந்தாள். "அம்மாளுக்கு இந்தக் கலர் புடிக்காதுங்களே" என்றாள். கடையில் இதுதான் இருந்தது என்று பொய் சொன்னேன்.

போசியில் பொங்கல் வைத்தாயிற்று. உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஐயோ, இத்தனை நாள் தப்பாகக் கும்பிட்டோமே என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அடுத்த வருஷம் முதல் பத்திரத்துப் பெயரைச் சொல்வார்கள். பிள்ளையில்லாமல் செத்த ரெண்டாந்தாரத்துக்கு இந்த வீட்டில் படையல் கிடையாது.

நங்கை கண்ணை மூடி, போசிப் பெயரைச் சொல்லி, "ஆத்தா, உன்ற சேலைய ஏத்துக்கிட்டு ஊட்டைக் காப்பாத்தோணும்" என்றார். நான் எல்லாரையும் விடச் சத்தமாக அந்தப் பெயரைச் சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இது எங்கள் வீட்டுக் கதை என்று மகள் கண்டுபிடித்துத் திருத்திவிடுவாள்.

மறுநாள் டவுனில் பாத்திரக் கடைக்குப் போய் ஒரு பித்தளைப் போசி வாங்கினேன். பெயர் வெட்டுகிறவர் மிஷினை எடுத்து, "வீட்டுக்காரர் இனிஷியல், ஊர் எல்லாம் போடலாங்களா?" என்று கேட்டார். உடும்பஞ்சோலை என்று போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"என் பேரு மட்டும் போதும்ங்க. நல்லா ஆழமா வெட்டுங்க" என்றேன்.

அதைப் பழைய போசிக்குப் பக்கத்தில், படையல் சாமான்கள் இருக்கும் பெட்டியில் வைத்திருக்கிறேன். நூறு வருஷம் கழித்து இந்த வீட்டுப் பெண்கள் படத்தில் இருக்கிறவளுக்குச் சேலை வைப்பார்கள். என் பெயரைச் சொல்லி வைப்பார்கள்.