கோபத்தை வாசலில் சொல்லிவிட்டு உள்ளே வந்தவர்

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்காக எங்கள் வீடு தேடி வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் ஊராருக்கும் அப்பாவின் நண்பர்களுக்கும் அவருடைய மூத்த மகளின் வணக்கம்.

இப்படிப்பட்ட மலர்களில் மறைந்தவரைச் சாந்த சொரூபி என்று எழுதுவது வழக்கம். அப்பாவை அப்படி எழுதினால் கரிக்கலாம்பாக்கம் கடைத்தெருவே சிரிக்கும். அப்பா கோபக்காரர். அதை எழுதலாமா என்று கேட்டபோது பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். அம்மாதான், "எழுதுடி. அவரு மாறினதும் இந்த ஊருக்குத் தெரியட்டும்" என்றார். எனவே எழுதுகிறேன், பெருமையோடு எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது சோரியாங்குப்பத்தில். ஓர் அக்காவுக்குப் பின் பிறந்த ஒரே மகன். தாத்தா வரப்பில் எதிரே வந்தால் அப்பா வேறு வரப்புக்கு மாறிப் போய்விடுவாராம். அவ்வளவு பயம். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. திருமணத்துக்குப் பின் அம்மாவின் ஊரான கரிக்கலாம்பாக்கத்துக்கு வந்து, மூன்று காணி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கரும்பு வைத்தார். பின்னாளில் அதே நிலத்தைச் சொந்தமாக்கிக்கொண்டார். ஒரு புயலில் ஊரில் பாதிக் கூரைகள் பறந்தபோது, எங்கள் வீட்டுக்குத் தார்ப்பாய் போடும் முன்பே பக்கத்து வீட்டுக்குப் போட்டவர். தண்ணீர் கேட்டு வந்த எவருக்கும் மோட்டாரை நிறுத்தாதவர். வெளியே அவர் அப்படி.

வீட்டுக்குள் வேறு. கரும்பு வைத்தவர்களுக்குத் தெரியும், நம் கரும்பை நாமாக வெட்ட முடியாது. சர்க்கரை ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வர வேண்டும். இந்த வாரம், அடுத்த வாரம் என்று அது தள்ளித் தள்ளிப் போகும். கரும்பு பூத்துவிடும், எடை குறையும், வெட்டுக்குப் பேசி வைத்த ஆட்கள் வேறு கரும்புக் காட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த மாதங்களில் அப்பா மொபெட்டுக்கு ஸ்டாண்டு போடும் சத்தத்தை வைத்தே நாங்கள் அன்றைய நிலவரத்தைத் தெரிந்துகொள்வோம். குழம்பில் உப்பு கூடினாலும் ஆர்டர் வராததற்கும் சேர்த்துத்தான் திட்டு விழும். அப்பா அம்மாவை அதட்டினால், அம்மா நெற்றியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு அடுத்த கால் மணியில் என் முதுகில் ஒன்று வைப்பார். நான் போய்த் தம்பியைக் கிள்ளுவேன். தம்பிக்குக் கீழே யாரும் இல்லை. அவனிடம் வந்தது அவனிடமே தங்கிவிட்டது.

தம்பிக்கு அப்போது ஆறு வயது. எனக்குப் பதினொன்று. அந்த ஆண்டு பொங்கல் கழிந்த பின் அவன் வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்டான். கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டுவான். சட்டைக் காலரைக் கடித்துக் கடித்துப் பிய்த்துவிட்டான். பாயை நனைக்கத் தொடங்கினான். பிள்ளை ஊமையாகிவிடுவானோ என்று அம்மா அழுதார். அப்பாவும் கலங்கித்தான் போனார். சோரியாங்குப்பத்திலிருந்து அத்தையை, அதாவது தம் அக்காவை, வரவழைத்தார்.

அத்தை பார்த்தவுடன் சொல்லிவிட்டார்: "புள்ள எதையோ பார்த்துப் பயந்துகினு கீது. எதைப் பார்த்துப் பயந்துச்சோ அது காலடி மண்ணை எடுத்தாந்து மூணு தபா சுத்தி, துப்பச் சொல்லி, முச்சந்தில போட்டாத்தான் தெளியும்."

எதைப் பார்த்துப் பயந்தான் என்று யாருக்குத் தெரியும்? தெருநாய் ஒருமுறை துரத்தியது என்று யாரோ சொன்னார்கள். என் அப்பா, ஊரில் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிற அந்த மனிதர், அந்த நாய் எப்போது எழுந்து நடக்கும் என்று ஒரு காலைப்பொழுது முழுக்கக் காகிதப் பொட்டலத்தோடு அதன் பின்னால் அலைந்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். "சிரிங்கடா, உங்களுக்கு இன்னா" என்றாராம். நாய் மண் பலிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு எருமையின் குளம்படி மண். அதுவும் பலிக்கவில்லை. மகன்மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். அந்தப் பிரியம் மகனுக்குத் தெரியும்படி இல்லை, அதுதான் குறை.

இதற்கிடையில் அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போய், பிள்ளை பேசுவதில்லை, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறார். டீச்சர் கண்ணை அகல விரித்தாராம். "யாரு, இவனா பேசல? வாயை மூடுடா, வாயை மூடுடான்னு சொல்லியே என் தொண்டை போச்சும்மா!"

அம்மா வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். "அங்க பேசறானாம்டி. நம்ம வூட்லதான் பேச மாட்டேங்கறான்" என்றார். அவருக்குப் புரிந்துவிட்டது. அப்பாவிடம் அதை யார் சொல்வது?

எனக்குப் புரிந்தது அன்று சாயங்காலம். மொபெட் சத்தம் கேட்டதும் தம்பி அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். அப்பா வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி வெளியே போனார். நான் மூட்டைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். எத்தனையோ நாளுக்குப் பின் அவன் என்னிடம் பேசினான்: "அப்பா போயிட்டாராக்கா?"

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தை மூன்றாம் முறையாக வந்தார். இந்த முறை கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டரைப் பார்த்துப் பயந்திருப்பான் என்று முடிவு செய்தார்கள். தெருவுக்குப் போய் டிராக்டர் தடத்து மண்ணை எடுத்து வரச் சொல்லி அப்பா என்னை அனுப்பினார். நான் தெருவுக்குப் போகவில்லை. கொல்லையில் அடிபம்பு ஓரம், சற்று முன் அப்பா கால் கழுவிய இடத்தில், ஈர மண்ணில் அவர் பாதம் அழுந்தப் பதிந்திருந்தது. அதைச் சுரண்டிக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்தேன். தைரியத்தில் செய்யவில்லை. இத்தனை நாள் தப்பான மண்ணைச் சுற்றியதால்தான் தம்பி தெளியவில்லை என்று நம்பினேன். சரியான மண்ணைக் கொண்டுவந்து கொடுத்தால் சரியாகிவிடுவான், அவ்வளவுதான் என் கணக்கு.

விளக்கு வைக்கும் நேரம். தம்பியைக் கிழக்கே பார்த்து உட்கார வைத்திருந்தார்கள். அப்பா பொட்டலத்தைப் பிரித்தார்.

"இன்னாடி இது, ஈரமா கீது? எங்க எடுத்த?"

"பம்பு கிட்டப்பா."

"பம்பு கிட்ட ஏதுடி டிராக்டரு?"

"டிராக்டரு இல்லப்பா. அது ஒன் காலு."

அம்மா என் கையைப் பிடித்து இழுத்துத் தமக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டார். அத்தை, "வாய உடாதடி கழுத" என்று பல்லைக் கடித்தார். அப்பா தம்பியைப் பார்த்தார். தம்பி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கன்னத்தை மறைக்க இரண்டு கைகளையும் தூக்கி வைத்திருந்தான். யாரும் அவனை அடிக்கப் போகவில்லை. ஆனால் அவன் தயாராக இருந்தான். அப்பா அதை அப்போதுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். நின்றிருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

பிரித்த பொட்டலத்தை அத்தையிடம் நீட்டி, "சுத்துக்கா" என்றார்.

"இன்னாடா நீ, பெத்தவன் காலு மண்ணைப் போயி எவனாவது…"

"சரி, நானே சுத்தறேன்."

தம் காலடி மண்ணைத் தாமே உள்ளங்கையில் எடுத்து, தம்பியின் தலையை மூன்று முறை சுற்றினார். கையை அவன் வாய்க்கு நேரே நீட்டினார். "துப்பு கண்ணு." தம்பி துப்பவில்லை. அப்பாவின் கையில் எப்படித் துப்புவான்? "துப்புடா, நான் ஒன்னும் பண்ண மாட்டேன். நல்லா துப்பு." மூன்றாம் தடவை சொன்னபோது தம்பி துப்பினான். அப்பா அந்தக் கையை மூடிக்கொண்டு, வேட்டியால் கண்ணைத் துடைத்தபடி, முச்சந்திக்குத் தாமே நடந்து போனார்.

சொந்தக் காலடி மண்ணில் பெற்ற பிள்ளையைத் துப்பச் சொன்ன மனிதரை நான் அதற்குப் பிறகு எங்கும் பார்க்கவில்லை. இவர் என் அப்பா என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா!

மறுநாளே எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் அது பொய். அடுத்த மாதமே ஆர்டர் இன்னொரு முறை தள்ளிப்போக, சாப்பாட்டுத் தட்டு சுவரில் போய் மோதியது. ஆனால் அன்று தட்டைப் பொறுக்கியவர் அப்பா. சுவரையும் அவரே கழுவினார். அதற்குப் பின்தான் அவராக ஒரு வழி கண்டுபிடித்தார். மொபெட்டை வாசலிலேயே நிறுத்துவார். உள்ளே வரமாட்டார். அங்கிருந்தே உரக்கச் சொல்லுவார்: "ஆர்டர் வரல. கோவமா கீறேன். உங்க மேல இல்ல." சொல்லி முடித்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். தெருவில் போகிறவர்கள் முதலில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அப்பா கவலைப்படவில்லை. கோபம் அதற்கும் அடங்காத நாளில் வந்த வழியே திரும்பி நிலத்து மோட்டார் கொட்டகைக்குப் போய்விடுவார். பக்கத்துக் காட்டுக்காரர் ஒருமுறை அம்மாவிடம் வந்து, "இன்னாம்மா, உங்க வூட்டுக்காரு கரும்புகிட்ட சண்டை போட்டுகினு கீறாரு?" என்று கேட்டார். அம்மா, "போடட்டும்பா, கரும்பு தாங்கும்" என்றார்.

அப்பாவின் அதட்டல் குறையக் குறைய அம்மாவின் தைலப் புட்டி தீராமல் கிடந்தது. என் முதுகு தப்பியது. நானும் கிள்ளுவதை விட்டேன். இன்று நான் அங்கன்வாடியில் வேலை செய்கிறேன். காலையில் பிள்ளைகள் உள்ளே வரும்போதே, எந்த வீட்டில் நேற்று எப்படி இருந்தது என்று முகத்தில் தெரிந்துவிடும். தாய்மார்களிடம் எங்கள் அப்பா கதையைத்தான் சொல்கிறேன்.

தம்பி தேற ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. முதலில் அம்மாவிடம் பேசினான். பிறகு அப்பா இருக்கும்போது என்னிடம் பேசினான். அப்பாவிடம் நேராகப் பேசவில்லை. அப்பாவும் வற்புறுத்தவில்லை, காத்திருந்தார். ஒருநாள் புது டார்ச் லைட்டைக் கீழே போட்டு உடைத்துவிட்டான். நான் மறைத்து வைக்கலாம் என்றேன். அவன் உடைந்த டார்ச்சை எடுத்துக்கொண்டு நேரே அப்பா எதிரில் போய் நின்றான். "அப்பா, நான்தான் ஒடைச்சேன்" என்றான்.

அப்பாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! டீக்கடை, ரேஷன் கடை, கரும்பு எடை போடும் இடம் என்று ஒரு வாரம் ஓர் இடம் விடாமல் சொன்னார். "டார்ச்சை ஒடைச்சிட்டு எங்கிட்டயே வந்து சொல்றான்யா என் புள்ள!" கேட்டவர்கள் இதில் என்ன இருக்கிறது என்று விழித்தார்கள். மாநிலத்தில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளையின் தகப்பன்கூட அப்படி அலட்டிக்கொண்டிருக்க மாட்டார்.

தம்பி இன்று வில்லியனூர் வழியாகப் போகும் தனியார் பேருந்தில் நடத்துனர். அவன் குரல் டிரைவர் சீட்டிலிருந்து கடைசி சீட்டு வரை கேட்கும். வயதான பின் அப்பா சில நாள் வேலை எதுவும் இல்லாமலே அந்த வண்டியில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்து போய் வருவார். எதற்கு என்று கேட்டால், "சும்மா, அவன் சத்தம் போடறதைக் கேக்கலாம்னு" என்பார்.

சென்ற ஆண்டு நுரையீரல் நோயில் அப்பா படுத்தார். நாற்பது நாள் ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தார். தம்பி விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே இருந்தான். அம்மாவும் நாங்கள் இருவரும் பக்கத்தில் இருக்க, ஒரு காலையில் அமைதியாகப் போனார்.

அந்த நாற்பது நாளும் அதற்குப் பிறகும் எங்களைத் தாங்கியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் ஆட்டோ எடுத்து வந்த எதிர்வீட்டு அண்ணனுக்கும், அப்பாவின் சிடுசிடுப்பைப் பொறுத்துக்கொண்டு ஊசி போட்ட செவிலியர் சகோதரிகளுக்கும், துக்க வீட்டில் அடுப்பு மூட்டவிடாமல் மூன்று வேளையும் சோறு கொண்டுவந்த தெருப் பெண்களுக்கும், தள்ளாத வயதிலும் வந்திருந்து எங்களைத் தேற்றிய அத்தைக்கும், தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கடைசி நன்றி தம்பிக்கு. போவதற்கு இரண்டு நாள் முன்பு அப்பா அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டார். மூச்சு வாங்க வாங்கக் கேட்டார்: "டேய், நெசத்தைச் சொல்லு. இன்னும் என்னைக் கண்டா பயம் கீதா?"

தம்பி அப்பாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். "சின்னதுல இருந்துச்சுப்பா. ரொம்ப இருந்துச்சு. அப்பறம் போயிடுச்சு. இப்ப நீ எங்களை வுட்டுட்டுப் போயிடுவியோன்னுதான் பயமா கீது."

அப்பா, "அது பரவால்லடா" என்றார், சிரித்தார். தம்பி, அந்த ஒரு பதிலுக்காக அப்பா முப்பது வருஷம் காத்திருந்தார். அதை நீ அவர் காதில் விழும்படி சொல்லி அனுப்பினாய். அதற்கு உனக்கு அம்மாவின் நன்றியும் என் நன்றியும்.