ஏலத்தில் எடுத்த பிள்ளை

லூர்துராணி டீச்சருக்கு எண்பத்துமூன்றாம் வருஷம் காட்டூருக்கு மாற்றல் கிடைத்துவிட்டது. வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். பாலக்கரைக்குப் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வந்து, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தி, மறுபடி நசுங்கிக்கொண்டு போகிற பிழைப்பு இத்தோடு தீர்ந்தது. எத்தனையோ வருஷமாகப் பள்ளிக்கூடத்தை நடத்தும் மதர் முன்னால் நின்று கால் கடுத்து வாங்கிய மாற்றல். சந்தோஷப்படக்கூட அவளிடம் தெம்பு இல்லை. போய் விழுந்தால் போதும் என்றிருந்தது.

நடுவில் அந்தோணியம்மாள் இருந்தாள்.

ஏழு மாதத்திலேயே பிறந்துவிட்ட பிள்ளை அவள். பஞ்சில் சுற்றித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கொடுத்தனுப்பினார்கள். லூர்துராணியும் அப்போது பாலக்கரையில்தான் குடியிருந்தாள்; தாய் ரோசம்மாள் அடுத்த வீடு. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள், இதையாவது காப்பாற்று என்று அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டாள். நேர்ந்த பிள்ளையைத் திருவிழாவன்று அந்தோணியார் கோயிலில் கிடத்தி உபதேசியார் ஏலம் விடுவார்; ஏலப் பணம் கோயிலுக்கு. பெற்றவளே எடுத்துக்கொள்ளலாம்தான். ஆனால் தன் ராசிதான் பிள்ளைகளைத் தின்கிறது என்று ரோசம்மாளுக்குப் பயம். "நீங்க எடுத்துக் குடுங்க டீச்சர்" என்று கெஞ்சினாள். லூர்துராணி ஏலத்தில் எடுத்து, எடுத்த கையோடு தாய் மடியில் போட்டாள். கல்யாணமே ஆகாமல் டீச்சருக்குப் பிள்ளை கிடைத்துவிட்டது என்று தெருவே சிரித்தது.

அப்புறம் மாதாமாதம் நர்ஸ் வந்தாள், பிள்ளையைத் தராசில் தொங்கவிட்டாள், சத்துமாவு கொடுத்தாள். பிள்ளை மளமளவென்று தேறியது. எடை சரியானதும் இனி வரவேண்டியதில்லை என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அரசாங்கத்துக்கு அதோடு வேலை முடிந்தது. நியாயமாகச் சொன்னால், வேலை அப்போதுதான் ஆரம்பித்தது.

ஏழு வயதில் லூர்துராணியின் இரண்டாம் வகுப்புக்கே வந்து சேர்ந்த அந்தோணியம்மாள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஜன்னல் கம்பியில் இருப்பாள், இல்லையென்றால் பெஞ்சுக்கு அடியில். கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் பதில் வரும், அதுவும் வேறு ஏதோ கேள்விக்கு. லூர்துராணி அடித்துப் பார்த்தாள். முட்டி போட வைத்தாள். முட்டி போட்டபடியே வகுப்பைச் சுற்றி வந்தாள் மகராசி. கொழுப்பு என்றார் மதர். கொழுப்பேதான் என்று லூர்துராணியும் நம்பினாள்.

அந்த ஜனவரியில் பிள்ளைகளின் கண், பல், எடை பார்க்க டாக்டர் வஹீதா வந்தார். அந்தோணியம்மாளைப் பார்த்துவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடப் போனவரை லூர்துராணி நிறுத்தினாள்.

"இவ குறைமாசத்துல பிறந்தவ டாக்டர். ஒரு நிமிஷம் உக்கார மாட்டேங்குறா. என்னன்னு பாருங்களேன்."

"எடையெல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"ஆளாளுக்கு எடையையே பாருங்க! மத்ததை யாரு பாக்குறது?"

டாக்டருக்குக் கோபம் வரவில்லை. காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தவர், பெஞ்சில் உட்கார்ந்தார். "குறைமாசத்துல, எடை கம்மியாப் பிறக்கிற பிள்ளைங்கள்ல சிலதுக்கு இப்படி இருக்கும்னு படிச்சிருக்கேன். இது திமிர் இல்லைங்க. அதால முடியலை, அவ்வளவுதான். பக்கத்துலயே வெச்சுக்கங்க. கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லிக் குடுங்க. நடுநடுவுல எழுந்து ஓட விடுங்க. அடிக்காதீங்க."

"இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னு திட்டம் ஏதும் இருக்கா?"

"எடை குறைஞ்சா மாவு குடுக்கத் திட்டம் இருக்கு. பிழைச்ச பிள்ளை அப்புறம் எப்படி இருக்குன்னு பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லை. மேல சொல்லிப் பாத்துட்டேன். முதல்ல சாகாம இருக்கட்டும், மத்ததை அப்புறம் பாக்கலாம்னுட்டாங்க."

லூர்துராணிக்குத் தன் கையைப் பார்க்கவே கூசியது. எத்தனை அடி அடித்திருப்பாள், முடியாத ஒன்றைச் செய்யச் சொல்லி. அன்றிலிருந்து பிரம்பை எடுக்கவில்லை. பிள்ளையை மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். பாதிப் பாடத்தில் தண்ணீர் எடுத்துவா, சாக்பீஸ் வாங்கிவா என்று விரட்டினாள். ஏப்ரலில் அந்தோணியம்மாள் எழுத்துக் கூட்டி ஒரு பக்கம் வாசித்தாள். லூர்துராணிக்கோ உடம்பில் ஒட்டியிருந்த கொஞ்ச உயிரும் போயிருந்தது. அப்போதுதான் மாற்றல் வந்தது.

"நீங்க போனப்புறம் அவளை யாரு கட்டி மேய்க்கிறது? டி.சி. குடுத்துடலாம்" என்றார் மதர்.

கடைசி நாள் ரோசம்மாள் வந்தாள். மெஸ்ஸில் பாத்திரம் தேய்த்துத் தேய்த்துக் கையெல்லாம் வெடித்திருந்தது. "வேற எங்கயும் சேர்க்க மாட்டேங்கறாங்க. கேட்டுப் பாத்துட்டேன். அந்தோணியார் சாட்சியா ஏலத்துல எடுத்தவங்க நீங்க. நீங்களே வெச்சுக்கங்க டீச்சர். என்னால முடியலை."

லூர்துராணிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "எனக்கு மட்டும் முடியுதா? ஏலத்துல எடுத்தவங்கள்லாம் பிள்ளையை வளர்க்கவா செய்றாங்க? அது ஒரு முறைக்குச் செஞ்சது ரோசம்மா."

"முறைக்குத்தான் செஞ்சீங்க. பிள்ளை நிஜமாவே பிழைச்சிருச்சே டீச்சர்."

வெளியே அந்தோணியம்மாள் பள்ளிக்கூட கேட்டில் ஏறி ஆடிக்கொண்டிருந்தாள். லூர்துராணி எழுந்துபோய் ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தாள். பிறகு, "தினம் காலைல காட்டூர் பஸ்ஸுல கொண்டாந்து விடுவியா?" என்று கேட்டாள்.

ஜூன் மாதம் காட்டூர்ப் பள்ளிக்கூடம் அவள் நினைத்திருந்தபடியே இருந்தது. நிழல், அமைதி, கொஞ்சம் பிள்ளைகள். அந்த அமைதி அந்தோணியம்மாள் உள்ளே வரும்வரை இருந்தது. தலைமையாசிரியையின் மேசை மணியை அவள் அடித்துப் பார்த்தாள். மறுபடி அடித்தாள்.

"இன்னொரு வருஷம் ரெண்டாப்புலயே, என் வகுப்புல இருக்கட்டும்" என்றாள் லூர்துராணி.

"உங்களுக்குச் சொந்தமா டீச்சர்?"

மணி மூன்றாம் முறை அடித்தது. லூர்துராணி பிள்ளையின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"என் பிள்ளைதாங்க. ஏலத்துல எடுத்தேன்."