கலினா தட்டைக் காலி செய்த நாள்

வருகிற சனிக்கிழமையோடு நெவேனா போய் நாற்பது நாள். கல்லறையில் எங்கள் வழக்கப்படி வேகவைத்த கோதுமையும் ஒயினும் வைத்த பிறகு யாராவது நாலு வார்த்தை பேசச் சொல்வார்கள். எனக்கு அப்போது நாக்கு எழாது. அதனால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் க்யுஸ்தென்டில் ஊரின் மழலையர் பள்ளி ஒன்றில் அவள் சமையற்காரி, நான் நர்ஸ். ஆள் குட்டை, குரல் பெரிது. மகன்கள் இருவரும் ஸ்பெயினில். அடுப்பைத் திட்டுவாள், பாத்திரத்தைத் திட்டுவாள், என்னையும் திட்டுவாள். குழந்தைகளை ஒரு சொல் சொன்னதில்லை.

ஒரு வருடம் இலையுதிர் காலத்தில் மூன்று வயதுக் குழுவில் கலினா என்று ஒருத்தி வந்து சேர்ந்தாள். ரொட்டியின் மேல்தோலையும் தண்ணீரையும் தவிர வேறெதையும் தொடமாட்டாள். துருவிய கேரட்டைப் பார்த்து "புழு" என்றாள். வெட்டிய ஆப்பிளைப் பார்த்து "கல்லு" என்றாள். ஐந்து வாரம் இப்படி. நெவேனாவுக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. ஒரு வியாழக்கிழமை காலை தன் வீட்டிலிருந்து சிப்ஸ் சீவும் கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பலகையில் பழைய இரும்பு அலகு பதித்தது.

"வீட்டுச் சாமான் சமையலறைக்குள்ள வரக்கூடாதுக்கா," என்றேன்.

"அந்தப் புள்ள சாப்புடாம சாகறதுதான் சட்டமா? போடி."

செலரிக் கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் காகிதம் போலச் சீவி ஐஸ் தண்ணீரில் போட்டாள். கால் மணியில் ஓரமெல்லாம் சுருண்டு மொறுமொறுவென்று நின்றது. ஆப்பிள் எப்போதும் கடைசி, இல்லையென்றால் கறுத்துவிடும். அதைச் சீவி எலுமிச்சைச் சாற்றில் புரட்டி மேலே போட்டாள். எண்ணெய், உப்பு. குழந்தைகளுக்குப் போகும் முன் சமையற்காரி ஒரு தட்டு சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்பது விதி. பதினொரு மணிக்குச் சாப்பிட்டாள், கையெழுத்துப் போட்டாள். பதினொன்றரைக்குச் சின்னவர்களின் தட்டுகள் போயின. பெரிய குழந்தைகளுக்குப் பன்னிரண்டுக்குத்தான் சாப்பாடு.

நான் குறிப்பேட்டை மூடிக்கொண்டிருந்தேன். அவள் கட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"லிலி, இங்க வா."

அந்தக் குரல் சின்னதாக இருந்தது. அவ்வளவு சின்னக் குரல் அவளிடம் இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது. துணியின் நூல் ஒன்று அலகில் மாட்டியிருந்தது. நூலை விலக்கினாள். அலகின் நடுவில் ஒரு அரிசி அளவுக்கு இடைவெளி.

"முன்னாடியே இருந்திருக்கும்க்கா."

"காலைல விரல் வச்சுப் பாத்தேன்டி. முழுசா இருந்துச்சு."

அண்டாவில் மிச்சமிருந்ததைக் கையால் கிளறினாள். ஒரு கேரட் சீவலை எடுத்து விரலால் தடவினாள். வழவழப்பு. முட்டைக்கோஸிலும் ஒன்றுமில்லை. ஆப்பிள் சீவலைத் தடவியதும் கை நின்றது. குறுக்கே மெல்லிய மேடாக ஒரு கோடு. அடுத்த சீவலிலும் அதே கோடு. அலகு பொக்கையான பிறகு சீவியவை.

"ஆப்பிள்ல ஒடஞ்சிருக்கு. ஆப்பிள்தான் மேலாப்புல கெடந்துச்சு. மேலாப்ப அள்ளித்தான் சின்னதுங்களுக்குக் குடுத்தேன்."

ஓடினோம். நான் கத்த வாயெடுத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "கத்தாத. பயந்துபோய் முழுங்கிடுங்க." கதவருகே நின்று முகத்தை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு சிரித்தபடி உள்ளே போனாள்.

"கண்ணுங்களா! வாசல்ல ஒரு முயல் வந்து அழுவுது. அதோட சாலட்ட யாரோ எடுத்துட்டு வந்துட்டாங்களாம். வாயில இருக்கறதெல்லாம் தட்டுல துப்புங்க. யாரு நெறைய துப்பறாங்கன்னு பாப்போம்!"

டீச்சர் ரொசிட்சா எழுந்துவிட்டாள். "நெவேனாக்கா! துப்பாதீங்கன்னு ரெண்டு மாசமா சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன்!"

"நாளைக்குத் திரும்பச் சொல்லிக் குடு."

அறை முழுக்கச் சந்தோஷமாகத் துப்பியது. ஒருவன் எதுவும் இல்லாமலே மூன்று முறை துப்பினான். நான் வாய் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே ஜன்னலோர நாற்காலிக்கு வந்தேன். கலினாவின் தட்டு வெள்ளையாக இருந்தது.

"கண்ணு, உன் சாலட் எங்கம்மா?" என்றாள் நெவேனா.

"சாப்ட்டேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னும் வேணும்," என்றாள்.

நெவேனா அவளைத் தூக்கிக்கொண்டாள். நான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

பள்ளி இயக்குநர் கெனோவேவா அம்மாள் படியிலேயே எங்களை மறித்தார். "முதல்ல தட்டுல தேடுங்க. கெடச்சிருச்சுன்னா ஆம்புலன்ஸ் எதுக்கு? ஊருக்கெல்லாம் தெரியணுமா?"

"வேலைய விட்டுத் தூக்கறதுன்னா சாயங்காலம் தூக்குங்கம்மா. இப்ப புள்ளயக் கொண்டுபோறேன்," என்றாள் நெவேனா.

ஆம்புலன்ஸில் நெவேனாவின் மடியில் உட்கார்ந்து கலினா சைரனோடு சேர்ந்து கூவினாள்.

"கிழிச்சுடுமாடி?" என்று நெவேனா என் காதில் கேட்டாள்.

"பெரும்பாலும் தானா வெளிய வந்துடும்க்கா."

"பெரும்பாலும்னா?"

படித்ததெல்லாம் அப்போது என் தலைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தது.

மருத்துவமனையை அடைந்ததும் பள்ளியின் காவலாள் மெத்தோதி போன் செய்தான். பழைய ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றி, இருபத்தியொரு தட்டு, அண்டா, குப்பைக்கூடை எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்த்திருக்கிறான். "ஒண்ணும் ஒட்டலம்மா. மூணு தடவ பாத்துட்டேன்." அவன் இல்லை என்று சொன்ன ஒவ்வோர் இடமும் அந்த இரும்பைக் குழந்தையின் பக்கம் நகர்த்தியது.

கலினாவின் அம்மா செருப்புத் தொழிற்சாலையிலிருந்து வேலை உடுப்போடு வந்தாள். "என் புள்ளைக்குக் கத்தியவா குடுத்தீங்க?"

"ஆமாம்மா. என் கட்டைதான். வேணாம்னு இவ சொன்னா, நான்தான் கொண்டாந்தேன்," என்றாள் நெவேனா.

இளம் டாக்டர் ஒருவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். மீன்முள் போலச் சின்ன விலா எலும்புகள். "ஒண்ணுமே இல்ல. சுத்தமா இருக்கு."

அம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். பிறகு நெவேனாவைப் பார்த்துக் கேட்டாள். "தட்டு முழுசுமா சாப்ட்டா?"

"முழுசும்."

"கேரட்டுமா?"

"கேரட்டும்தான்."

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.

நெவேனா நம்பவில்லை. "இன்னொரு தடவ எடுங்க டாக்டர். ஒளிஞ்சிருக்கும்."

"சின்னக் கொழந்தைக்குச் சும்மாச் சும்மா எடுக்கக்கூடாதும்மா. அந்த சாலட்ட வேற யாரு சாப்ட்டா?"

நான் நெவேனாவைப் பார்த்தேன். யாரைப் பார்க்கிறேன் என்று புரியாமல் அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள்.

அவளையும் படம் எடுத்தார்கள். அதில் இடதுபக்க விலாவுக்குக் கீழே வெள்ளையாக ஓர் அரிசி இருந்தது. டாக்டர் அதை எப்படிச் சொல்வதென்று தயங்கினார். அவள் அவர் கையைப் பிடித்து முத்தமிட்டுவிட்டாள். "எனக்குள்ளயா? நெசமா எனக்குள்ளயா?" அவள் சிரித்த சத்தத்தில் வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இப்போது பயப்பட வேண்டியவள் அவள். பயந்தது நான். இரண்டு நாள் வார்டில் வேகவைத்த உருளைக்கிழங்கு தின்றபடி, கலினா இன்று என்ன சாப்பிட்டாள் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை காலை போன் வந்தது. "வந்துடுச்சுடி. யார்கிட்டயாவது சொன்ன, கொன்னுடுவேன்."

எழுத்துமூலமான எச்சரிக்கையோடு வேலை தப்பியது. திங்கட்கிழமை அவித்த பீட்ரூட் போட்டாள். கலினா தொடவில்லை. செவ்வாயும் தொடவில்லை. புதன்கிழமை காலை நெவேனா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். மேசையில் பள்ளிக் கத்தியும் ஒரே ஒரு ஆப்பிளும் இருந்தன.

"இது கலினாவுக்கு. பக்கத்துல நில்லு. பேசாத. நான் வெட்டற ஒவ்வொண்ணையும் தடவிப் பாத்து வை."

அந்த ஒரு ஆப்பிளைச் சீவ அவளுக்கு இருபது நிமிடம் ஆயிற்று. ஒவ்வொரு சீவலாக அவள் நீட்ட நீட்ட, நான் வாங்கித் தடவிப் பார்த்துத் தட்டில் வைத்தேன்.